ஓட்டைவாளி ரசிகர் மன்றம்

"பொய் சொன்னா ஓட்டைவாளிக்கு எந்த அக்குள்ல எண்ணெய் ஒழுகும்? இடதா, வலதா?" என்று கேட்டார் பல் டாக்டர்.

சுமைக்காரர் மன்றத்தில் சேர வந்திருந்தார். மாடித் தையல் கடையில், பாதி தைத்த சட்டைகளுக்கு நடுவே, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே மன்றத்தின் மொத்தப் பலமும் இருந்தது: தலைவியான தையல்கார அக்கா, பல் டாக்டர், பஸ் கண்டக்டர். மூவரும் வெள்ளி நிறக் கோட் அணிந்திருந்தார்கள். கண்டக்டரின் கோட்டில் மட்டும் ஒரு கை கூடுதல். அது மூன்று கை மாலுமி வேஷமாம்.

ஓட்டைவாளி, ஒரு விண்வெளிக் கப்பலில் மூட்டை தூக்கும் இயந்திர மனிதன். வீரம் கிடையாது, அழகு அறவே கிடையாது. ஆனால் அதன் பேரைச் சொன்னால் இந்த மூவரும் சோறு தண்ணி மறந்துவிடுவார்கள்.

"இடதுங்க," என்றார் சுமைக்காரர்.

வலதுதான் என்று கண்டக்டர் சத்தியம் செய்தார். இரண்டிலுமே ஒழுகும், ஆனால் வேறு வேறு எண்ணெய் என்றார் டாக்டர். பல்லைப் பிடுங்குகிறவருக்கு அக்குளைப் பற்றி என்ன தெரியும் என்று கண்டக்டர் கேட்க, பேச்சு தடித்தது. கடைசியில் அக்கா அளவுகோலால் மேசையில் ஒரு போடு போட்டு, இடது என்று தீர்ப்புச் சொல்லி, தலையணை போன்ற நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டார்.

சுமைக்காரர் இன்னும் நாற்காலி நுனியை விட்டு நகரவில்லை. உண்மையில் அவர் ஓட்டைவாளி வரும் டிவி தொடரில் ஒரு எபிசோடுகூடப் பார்த்ததில்லை.

கீழே துணிக் கிடங்கு. ஞாயிறு மதியம் லாரிச் சுமையை இறக்கிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். மேலே நடக்கும் சண்டை காதில் விழும். ஒரு வருஷம் அப்படிக் கேட்டதிலேயே ஓட்டைவாளி மேல் உயிராகிவிட்டார். கூடப்பிறந்த தம்பியைக்கூட அவர் அவ்வளவு நினைத்ததில்லை. இப்போது கிடங்கை ஊருக்கு வெளியே மாற்றுகிறார்கள். அடுத்த ஞாயிறு அந்தப் படியில் உட்கார அவருக்கு ஒரு சாக்கும் இருக்காது. மன்றத்தில் சேர்ந்தால்தான் உண்டு.

போன மாதம் வந்தவரின் கதையை அக்கா சாவகாசமாகச் சொன்னார். எல்லா எபிசோடும் வீட்டில் பதிவு செய்து வைத்திருப்பதாகச் சொன்னாராம். காபிகூடக் கொடுக்காமல் படியிறக்கி விட்டார்களாம்.

எல்லாம் வைத்திருந்தவருக்கே அந்தக் கதி என்றால் தன் கதி என்ன என்று சுமைக்காரர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கடைசிக் கேள்வி," என்றார் கண்டக்டர். "கேப்டன் அடிபட்டுக் கிடக்கார். ஓட்டைவாளி அவரை எப்படித் தூக்கும்?"

இது படியில் காதில் விழாத கேள்வி. ஆனால் தூக்குவது அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம்.

"சட்டுனு தூக்காதுங்க. முதல்ல ரெண்டு தட்டு தட்டும், நாங்க மூட்டையைத் தட்டுற மாதிரி. பாரம் எந்தப் பக்கம்னு கை தெரிஞ்சுக்கும். அப்புறம் முதுகுல ஏத்திக்கும். பாதி வழியில கேப்டன் கேப்பாரு, நான் பாரமா இருக்கேனான்னு. இல்லவே இல்லைன்னு சொல்லும். சொல்லும்போதே இடது அக்குள்ல எண்ணெய் ஒழுகும்."

கண்டக்டர் மூன்றாவது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர்தான் முதலில் தெளிந்தார்.

"இது எந்த எபிசோடு?"

சுமைக்காரருக்கு இப்போது இரண்டு அக்குளிலும் ஒழுகியது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"மன்னிச்சிடுங்கக்கா. நான் ஒரு எபிசோடும் பார்த்ததில்ல. படியில உட்கார்ந்து நீங்க பேசினதைக் கேட்டதுதான். இப்ப சொன்னதும் நானா விட்ட கதை. நானே இறங்கிக்கறேன், தள்ள வேண்டாம்."

அக்கா நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"உட்காருங்க தம்பி. அப்படி ஒரு தொடரே கிடையாது, ஏழு வருஷமா நாங்க மூணு பேரும் சண்டை போட்டு எழுதிக்கிட்டிருக்கோம். அந்த ரெண்டு தட்டுல இருந்து மெதுவா சொல்லுங்க, முந்நூத்தி நாலாவது எபிசோடு இதுதான்."