யாரும் இறங்காத நிறுத்தம்

"அடுத்த ஸ்டாப்லதான் சார், டிரைவர் பேசுவாரு," என்று கிசுகிசுத்தார் பக்கத்து சீட்டு நர்சம்மா.

"யார்கிட்ட?"

"அதுதான் தெரியல. அங்க யாருமே இருக்க மாட்டாங்க."

டெப்போ சூப்பர்வைசர் மங்கி குல்லாவைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார். வருஷத்தின் கடைசி நாள். வீட்டில் கதகதப்பாக இருக்க வேண்டிய மனுஷர், ஓட்டுநர் மேல் புகாருக்கு மேல் புகார் வந்ததால், பயணி மாதிரி ஏறி உட்கார்ந்திருந்தார்.

புகார்களை எழுதியவர் கடைசி சீட்டில் இருந்தார். தினமும் அதே சீட்டு, அதே முகம். பஸ்ஸில் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர்கூட அவ்வளவு பொருத்தமாக இருந்திருக்காது.

"அங்க ஒரு கேட் இருக்கு சார்," நர்சம்மா தொடர்ந்தார். "பனி ஆரம்பிச்சதுலருந்து அதுகிட்ட ஒரு வெள்ளை உருவம் நிக்குது. பஸ் கிளம்பினதும் காணாமப் போயிடும். பையன் பஸ்ல அடிபட்டுச் செத்துட்டானாம். அவனைத் தேடித்தான் வருதாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். சொன்னவர்கள் இந்த பஸ்ஸில் ஏறியதில்லை போலிருக்கிறது. சூப்பர்வைசரே ஜன்னல் பக்கமிருந்து நகர்ந்து உட்கார்ந்தார்.

பஸ் நின்றது. கதவு திறந்தது. ஈ காக்கை இல்லை. பனி மட்டும் படியேறி உள்ளே வந்தது.

தெருவுக்கு அந்தப் பக்கம், கேட்டை ஒட்டி, தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக ஒன்று நின்றிருந்தது.

ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"இறங்கறதுன்னா இறங்கலாங்க. அவசரமே இல்ல. நான் நிக்கறேன்."

யாரும் அசையவில்லை.

"கதவை மூடுங்கய்யா, குளிருது," என்று பின்னாலிருந்து எரிந்து விழுந்தார் சிடுமூஞ்சி.

சூப்பர்வைசர் எழுந்து முன்னால் போனார். "யார்கிட்டப்பா பேசறே?"

ஓட்டுநர் திடுக்கிட்டுத் திரும்பினார். "சார், நீங்களா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"இறங்க வேண்டியவங்ககிட்ட சார்."

"எங்க இருக்காங்க? காட்டு."

"நான் காட்டக் கூடாது சார். அவங்களா இறங்கணும்."

நர்சம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டார்.

"இங்க பாருப்பா. சாயங்காலமே இருட்டிடுது, வருஷமும் முடியுது. இந்த மாதிரி நேரத்துல மனசு பாரமாயிடும். எனக்கே ஒரு வருஷம் படுக்கையை விட்டு எழுந்திரிக்கவே பிடிக்கல. லீவு எடு, டாக்டரைப் பாரு. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல."

"பாரம் இருக்கு சார். இந்த பஸ்லதான் இருக்கு. ஆனா என்கிட்ட இல்ல."

இதற்கு மேல் பொறுமை எங்கிருந்து வரும்?

"சரி, முடிவாச் சொல்றேன். இங்க ஏறவும் ஆள் இல்ல, இறங்கவும் ஆள் இல்ல. புது வருஷத்துலருந்து இந்த ஸ்டாப்பே கிடையாது. உனக்கும் வண்டி கிடையாது. கதவை மூடு."

ஓட்டுநரின் கை பொத்தான் வரை போய் நின்றது. வேலை போகிற கவலை முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனாலும் மறுபடி கண்ணாடியைத்தான் பார்த்தார்.

"கேட்டுச்சுங்களா? நாளைலருந்து இங்க வண்டி நிக்காதாம்."

வெளியே அந்த வெள்ளை உருவம் ஓரடி முன்னால் வந்தது.

பின்னாலிருந்து காலடிச் சத்தம் கேட்டது.

நர்சம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, பிறகு பொறுக்க முடியாமல் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். சிடுமூஞ்சிதான் வந்துகொண்டிருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், சீட்டுக் கம்பிகளைப் பிடித்துப் பிடித்து வந்து, படியில் நின்றார்.

"அங்க போகாதீங்க," என்று நர்சம்மா அவர் சட்டையைப் பிடித்தார்.

அவர் விடுவித்துக்கொண்டு இறங்கினார். தெருவைக் கடந்தார். பனி பாதி ஆளை விழுங்கிவிட்டது.

உருவம் அவரை நெருங்கியது. தன்மேல் சுற்றியிருந்த போர்வையை உருவி அவர் தோளில் போர்த்தியது. பிறகு முதுகில் ஓங்கி ஒன்று வைத்தது. நர்சம்மா அலற வாயெடுப்பதற்குள், அடித்த கை அவர் தலையைத் தடவ ஆரம்பித்துவிட்டது. போர்வை போன பிறகு அங்கே நின்றது, ஸ்வெட்டர் போட்ட ஒரு மெலிந்த வயதான அம்மா.

"யாருப்பா அது?" சூப்பர்வைசர் குனிந்து வெளியே பார்த்தார்.

"அவரோட அம்மா சார். போன வருஷம் சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போனவரு, இந்த ஸ்டாப் தாண்டி தனியா ரூம் எடுத்து இருக்காரு. பனி ஆரம்பிச்சப்போ ஒருநாள் எழுந்து கதவு வரைக்கும் வந்தாரு. அந்தம்மா கேட்ல நிக்கறதைப் பார்த்ததும் திரும்பிப் போய் உக்காந்துட்டாரு. மறுநாள் அந்தம்மாகிட்ட விசாரிச்சேன்."

"அவர்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா வேற பஸ் பிடிச்சுப் போயிருப்பாரு சார்."

"அவர்தானய்யா உன் மேல அத்தனை புகாரும் எழுதினாரு."

"தெரியும் சார். கதவு திறந்திருந்தா அவரால தாங்க முடியாது. அதுக்காக நானும் மூடிட்டா, அப்புறம் அவர் எப்படி இறங்குவாரு?"