ராயப்பன் சாரின் இத்தாலித் தட்டு

ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்டீபனும் நானும் பசுமலையில் ராயப்பன் சார் வீட்டுக்குப் போயாக வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலிய நகைச்சுவை ஓபராவை இசைத்தட்டில் போடுவார். ரோமாபுரி அரங்கில் நேரடியாகப் பதிந்ததாம். அவருக்குப் பிரம்பு நாற்காலி, எங்களுக்குப் பாய். அவர் சிரித்த பிறகே நாங்கள் சிரிக்கலாம். இத்தாலி மொழி அவருக்கும் தெரியாது.

போன வாரம் பாட்டின் நடுவே ஸ்டீபன் தும்மி, "மாதாவே" என்றான். இந்த வாரம் அதே இடத்தில் இசைத்தட்டு தும்மியது.

"அண்ணே, இது என் தும்மல்" என்றான் என்னிடம்.

"ஏன், ரோமாபுரிக்காரனுக்குச் சளி பிடிக்காதா?" சார் அதட்டினார்.

"பிடிக்கும் சார். தும்மிட்டு 'மாதாவே'ன்னு தமிழ்லயா சொல்வான்?"

அப்போது தட்டில் ஒரு நாற்காலி சாயும் சத்தம் கேட்டது. "ஐயோ, என்னங்க! கண்ணைத் திறங்க!" என்று சாரின் மனைவி பிலோமினாள் குரல் அலறியது. பிலோமினாளோ டீயோடு எங்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

சார் மெல்ல இறங்கி, முதன்முறையாக எங்களோடு பாயில் உட்கார்ந்தார்.

தட்டில் மரித்தோர் ஜெபம் தொடங்கியது. ஸ்டீபன் குரல், பிலோமினாள் குரல், என் குரல். எந்த ஜெபத்தையும் சார்தான் எடுத்துக்கொடுப்பார். காதைத் தீட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

அவர் குரல் மட்டும் வரவில்லை.