இருந்த ஒரே ஊசி

“அந்த ஊசி எனக்குத் தேவைதானா டாக்டர்? நெசத்தச் சொல்லுங்க.”

பாஞ்சாலை இப்படிக் கேட்டதும் டாக்டர் குஞ்சிதபாதம் தலை நிமிரவில்லை. மூன்று வாரங்களுக்கு முன் அவளுக்கு ஊசி போட்ட அன்றே, தொண்டைச் சளியையும் ரத்தத்தையும் பரிசோதனைக்காகப் புதுச்சேரிக்கு அனுப்பியிருந்தார். அதன் முடிவு அன்று காலைத் தபாலில் வந்து அவர் கையில் இருந்தது.

“என்ன பேச்சு இது?” என்று அதட்டினார் அவள் அப்பா தங்கராசு. “டாக்டரு மட்டும் போடலைன்னா நீ இருப்பியா? தொண்ட பூரா வெள்ளையா ஆடை கட்டி, கழுத்து வீங்கி, எச்சிகூட முழுங்க முடியாம கெடந்தியே!”

“அன்னிக்குச் சாயந்தரமே தொண்டை அடைப்பானோட ஒரு கொழந்தையத் தூக்கிட்டு வந்தாங்களாம்ப்பா. இருந்த ஒரு ஊசியும் எனக்குப் போட்டாச்சாம். கடலூர்லேர்ந்து மருந்து வர்றதுக்குள்ள அது செத்துடுச்சாம். நான் வேல பாக்குற பீங்கான் கம்பெனில பேசிக்கிறாங்க. நாலு நாளா எனக்குச் சோறு எறங்கலை.” சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

டாக்டர் அவளைப் படுக்கச் சொல்லி, வயிற்றின் இடப்பக்கம் அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் இன்னும் வீங்கியிருந்தது. பின்கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருந்தது.

இதையெல்லாம் அன்றே தடவிப் பார்த்திருக்கலாம். ரெண்டு வாரமாக அசதி இருந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வெள்ளைப் படலத்தைக் கண்டதும் பதறி, தொண்டை அடைப்பான் என்று முடிவு கட்டிவிட்டார்.

காகிதம் வேறு விதமாகச் சொன்னது. அடைப்பான் கிருமி இல்லை. இது சுரப்பிக் காய்ச்சல். ஊசியே போடாவிட்டாலும், ஓய்வெடுத்தால் தானாக ஆறியிருக்கும்.

“பாஞ்சாலை... அது வந்து...” என்று இழுத்தவர், காகிதத்தை மேசைமேல் வைத்தார்.

நர்ஸ் பர்வதம் காகிதத்தை எடுத்தாள்.

“வேணாம் பர்வதம், குடுத்துடு!” என்று அவர் பதறி எழுந்தார். அதற்குள் அவள் படித்துவிட்டாள். மறுபடியும் ஒருமுறை படித்தாள். முகம் வெளுத்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன போட்டிருக்குது சிஸ்டர்?” என்றாள் பாஞ்சாலை.

“ஒனக்கு வந்தது அடைப்பான்தான்னு போட்டிருக்குது. ஊசி போடலைன்னா அன்னிக்கே போயிருப்ப. அது ஒண்ணும் வீணாப் போவலை. வூட்டுக்குப் போயி வயிறாரச் சாப்புடு. ஒரு மாசத்துக்குக் கனமா எதையும் தூக்காத.”

பாஞ்சாலை அவள் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “அந்தக் கொழந்தையப் பெத்தவங்க யாருன்னு தெரிஞ்சா, கால்ல வுழுந்துட்டு வருவேன் சிஸ்டர்.”

“அதெல்லாம் வேணாம். போயிட்டு வா.”

அப்பாவும் மகளும் கம்மாபுரம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்கள். டாக்டர் நாற்காலியில் சரிந்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.

“என்னை ஏம்மா காப்பாத்துன?”

“ஒங்களுக்காக இல்ல டாக்டர். அந்தப் பொண்ணாவது சோறு தின்னட்டும்” என்றாள் பர்வதம்.

கடலூர் மருந்துக்குக் காத்திருந்து மடியிலேயே உயிர்விட்ட ஆறு வயது மகளைப் புதைத்த பிறகு, அன்றுதான் அவள் முதன்முதலாக வேலைக்கு வந்திருந்தாள்.