நடிகையின் உதடு

"இந்த நடிகையோட உதடு மாதிரியே வேணுங்க, டாக்டர்." மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் வந்திருந்த அனுசுயா செல்போனை நீட்டினாள்.

டாக்டர் செம்மொழிக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. படத்தைப் பார்க்காமலே, "உங்க உதட்டுக்கு என்னங்க குறைச்சல்? சினிமாவைப் பாத்துட்டுக் கெளம்பி வந்துடுறீங்க" என்றார்.

"எனக்கில்லீங்க."

அனுசுயா வாசலைப் பார்த்துக் கையசைத்தாள். கணவன் கைக்குழந்தையோடு உள்ளே வந்து துண்டை விலக்கினான். மேலுதடு மூக்குவரை பிளந்திருந்தது.

"கிரகணத்தன்னிக்கு நான் அருவாமணையத் தொட்டதாலதான்னு ஊரே ஏசுச்சு. நானும் நம்பிட்டேன். 'நானும் இப்படித்தான் பொறந்தேன், ஆபரேஷன்ல சரியாச்சு'ன்னு இந்தப் புண்ணியவதி டிவியில சொன்னப்பதாங்க எனக்கு உசுரே வந்துச்சு. அவங்க நல்லா இருக்கணும்."

செம்மொழி செல்போனை வாங்கிப் பார்த்தார். நடிகையின் சிரிப்புக்கு மேலே, மறைக்கப்படாத மெல்லிய தழும்பு.

"இதே மாதிரி செஞ்சுடலாங்க" என்றார்.