மாலை வரை தாங்க வேண்டும்

கார்காலம் வந்து இறங்கியிருந்தது. வானம் நெடுநேரம் உறுமிவிட்டுத் தன் பாரத்தையெல்லாம் கூரைமேல் கொட்டியது. ஈரமண்ணின் வாசம் படியேறி வீட்டுக்குள் வந்தது. எங்கோ தவளைகள் ஒரே சுருதியில் பாடத் தொடங்கின. வெளியே போனவர்களெல்லாம் வீடு திரும்பும் பொழுது. பள்ளியில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் மட்டும் இன்னும் திரும்பவில்லை.

“திரும்பவும் ஸ்விட்ச் ஆஃப்னு சொல்லுதுடா,” என்றாள் அவர் மனைவி.

பக்கத்துத் தெருவில் செல்போன் பழுதுபார்க்கும் அவளுடைய தம்பி, கூப்பிட்டதும் நனைந்துகொண்டே ஓடி வந்திருந்தான். அவனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஆசிரியரின் போனுக்குப் பேட்டரியை மாற்றியாகிவிட்டது. தேவையில்லாத செயலிகளை நீக்கி, அதிர்வையும் நிறுத்தியாகிவிட்டது. பேருந்தில் பக்திப் பாடல் கேட்பதை அவர் தாமாகவே விட்டுவிட்டார். கடைசியில், மதிய இடைவேளையில் கணவனும் மனைவியும் போனில் பேசிக்கொள்வதும் நின்றுபோனது. சாம்பாரில் உப்பு கூடிற்றா என்பது போன்ற பேச்சுதான். ஆனால் அது நின்ற பிறகு அவளுக்குப் பகல் நீண்டுவிட்டது. இவ்வளவு சிக்கனம் பிடித்தும் மாலைக்குள் போன் உயிரை விட்டுவிடுகிறது. வழி சொல்லும் போன் ஓய்ந்தால் அவர் தடுமாறிப் போவார்.

ஆட்டோ ஒன்று வாசலில் நின்றது. சொட்டச் சொட்ட உள்ளே வந்தார் ஆசிரியர்.

“ரெண்டு ஸ்டாப் தள்ளி இறங்கிட்டேன். போன் பாதி வழியில மூச்சை விட்டுடுச்சு. அதுக்குக் காரியமெல்லாம் பண்ணிட்டு வர நேரமாயிடுச்சு.”

தம்பி சிரித்தான், அவள் சிரிக்கவில்லை. துண்டால் அவருக்குத் தலை துவட்டினாள். கையைத் துடைக்கும்போது முழங்கையில் சிராய்ப்பு விரலில் தட்டுப்பட்டது.

“எங்க விழுந்தீங்க?”

“நான் எங்க விழுந்தேன்? ஒரு சுவர் வந்து இடிச்சுது.”

அவள் கை அப்படியே நின்றது. “போதுங்க. இந்த மாசத்தோட வேலைய விட்டுடுங்க. வீட்டுலயே நாலு பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுத்தா ஆகாதா? தினம் சாயங்காலம் என் உசுரு என்கிட்ட இல்ல.”

அவர் தணிந்த குரலில், “நான் உள்ள நுழைஞ்சதும் வகுப்புல ஒரு அமைதி விழும் பாரு, அதுக்காகத்தான் காலையில எழுந்திருக்கிறேன்,” என்றார். “ஆனா நீ பயந்துகிட்டே இருக்கணும்னா, விட்டுடறேன்.”

அந்தச் சம்மதம் அவளை மேலும் கலங்க வைத்தது.

அதற்குள் தம்பி போனைச் சார்ஜில் போட்டு உயிர்ப்பித்திருந்தான். எப்போதும் செத்த போனாகவே அவன் கைக்கு வந்தது அது. சார்ஜில் போட்டபடிதான் அதைத் திருத்தியிருக்கிறான்; வெளியே புழங்கும்போது எப்படி இருக்கிறதென்று அவன் கண்டதே இல்லை. “அத்திம்பேர், வழி கேட்கிற மாதிரி ஒரு தடவை கேளுங்க,” என்றான்.

அவர் கேட்டார். போன் வழி சொல்லத் தொடங்கியது. “அடடா!” என்றான் தம்பி.

“என்னடா?” என்றாள் அக்கா.

“திரை முழு வெளிச்சத்துல எரியுதுக்கா. கடைக்காரன் வெச்சுக் குடுத்தது அப்படியே இருக்கு. வழி சொல்லி முடிக்கிற வரைக்கும் அணையவே அணையாது. சட்டைப் பைக்குள்ள விளக்கேத்தி வெச்ச மாதிரி.”

“அதைக் கொஞ்சம் குறைச்சு வையேன்.”

“குறைக்கப் போறதில்ல. சுத்தமா அணைச்சுடறேன்.”

“அப்புறம் போன் வேலை செய்யுமா?”

“பேசும், வழி சொல்லும், எல்லாம் செய்யும்.” அவன் தலையில் அடித்துக்கொண்டான். “என் மரமண்டைக்கு இத்தனை நாள் இது உறைக்கலையே.”

அவன் எதையோ மாற்றிவிட்டு, இனி மாலையைத் தாண்டியும் சார்ஜ் நிற்கும் என்றான். ஆசிரியரின் கையில் போன் முன்போலவே பேசியது.

“அப்ப நாளையிலேருந்து மத்தியானம் பேசலாமா?” என்று மனைவியிடம் கேட்டார் அவர், பெண் பார்க்க வந்தவரைப் போலக் கூச்சத்துடன்.

“வேலையையும் விட வேணாம்,” என்றாள் அவள்.

மழை ஓய்ந்திருந்தது. அவள் கைகூப்பி, உதடு மட்டும் அசைய, ஆண்டவனை வேண்டி நின்றாள். பிறகு கையை நீட்டித் தம்பியின் குரல் வந்த பக்கமாகத் துழாவி, அவன் முகத்தைக் கண்டுபிடித்தாள். அவனுடைய நனைந்த இமைகளை விரல் நுனியால் மெல்லத் தொட்டாள்.

“வெளிச்சம்னா என்னன்னு பொறந்ததுலேருந்து நாங்க ரெண்டு பேருமே அறிஞ்சதில்ல. எங்களுக்கும் சேர்த்து நீ பார்த்தியே, இந்தக் கண்ணு நூறு வருஷம் தெளிவா இருக்கணும்டா.”