சோய் சாருக்கு நாட்டியம் விளக்கியது

மேடையில் அந்தப் பெண் நெற்றியில் கை வைத்துத் தூரத்தை எட்டிப் பார்த்தாள்.

"வாட்?" என்றார் சோய் சார்.

"மெட்டீரியல் வெயிட்டிங், சார்," என்றேன்.

சோய் சார் எங்கள் இருங்காட்டுக்கோட்டை கம்பெனியின் கொரிய மேனேஜர். நான் அங்கே கார் சீட்டுக்கு உறை மாட்டுகிறவன். இங்கிலீஷ் அவருக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை. இருவருக்கும் பொதுவானது அசெம்பிளி லைனில் புழங்குகிற வார்த்தைகள்தான். அவற்றை வைத்துக்கொண்டு பரதநாட்டியத்தை விளக்கிக்கொண்டிருந்தேன்.

நானாகப் போய் மாட்டிக்கொண்டதுதான்.

"சாரு மெட்ராஸ்ல டான்ஸு பாக்கணுமாம்பா. எந்த ஹாலு நல்லாகீதுன்னு எவனுக்குனா தெரியுமா?" என்று பெர்சனல் ஆபீசர் தணிகாசலம் கேட்டதும் கையைத் தூக்கிவிட்டேன்.

பொய்யும் இல்லை. கம்பெனிக்கு வருமுன் ஒரு பந்தல்காரரிடம் நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தேன். மயிலாப்பூரில் எந்த சபாவின் பின்கதவு எந்தச் சந்தில் திறக்கும் என்பது எனக்கு அத்துப்படி. உள்ளே என்ன நடக்கும் என்றுதான் தெரியாது.

பழக்கதோஷம், சாரையும் பின்கதவு வழியாகவே கூட்டிப்போனேன். பெரிய மனிதர்களுக்கான வழி என்று நினைத்துவிட்டார் போல. கேண்டீன் சாம்பார் அண்டாவைத் தாண்டும்போது, கரண்டியோடு நின்றவருக்கு இடுப்பு வரை குனிந்து வணக்கம் சொன்னார். அவரும் பதறிப்போய்க் கரண்டியோடு குனிந்தார்.

நான் கை தூக்கியது நாட்டியத்துக்காக அல்ல. லீவுக்காக.

என் மனைவி மாரிசெல்வி சங்கரன்கோவிலில் தாய் வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம். நான் இன்னும் முகம் பார்க்கவில்லை. புது மாடல் கார் வெளியே வரும்வரை யாருக்கும் லீவு கிடையாது. சோய் சார் மனசு வைத்தால் உண்டு. பெயர் வைக்கிற அன்றைக்கும் நான் போகாததால், மாரிசெல்வி போனுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

மேடைப் பெண் இப்போது பக்கத்தில் இல்லாத யாரிடமோ முறையிட்டாள்.

"கம்ப்ளெயிண்ட், சார். ப்ராமிஸ் டேட் ஓவர்."

சார் தலையாட்டினார். அவர் தினமும் பார்க்கிற விஷயம்தானே.

முன்வரிசை மாமி திரும்பினார். "அது யசோதை, கண்ணனைத் தேடறா. நீங்க என்னமோ ஃபேக்டரி நடத்திண்டிருக்கேளே!"

"ஹூ?" என்றார் சார்.

"குவாலிட்டி டிபார்ட்மெண்ட், சார்."

உடனே மாமிக்கும் ஒரு வணக்கம் போட்டார்.

அப்போது அந்தப் பெண் இரண்டு கைகளையும் தொட்டிலாக்கி ஆட்டினாள். இல்லாத குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி, கிள்ளிய விரலுக்கு முத்தம் கொடுத்தாள்.

சார் கேட்குமுன்பே சொல்லிவிட்டேன்.

"பேபி, சார். ஃபாதர் நோ சீ. த்ரீ மந்த் டிலே."

சார் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "ஃபாதர் வேர்?"

"இருங்காட்டுக்கோட்டை, சார்."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி டையில் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். பிறகு சட்டென்று எழுந்து, வந்த வழியே, அண்டாவைத் தாண்டி சந்துக்கு ஓடினார்.

நானும் ஓடினேன். சந்து முனை எஸ்.டி.டி. பூத்துக்குள் நின்று யாரிடமோ கொரிய மொழியில் பேசிக்கொண்டிருந்தார். லைனில் கத்துகிற குரல் இல்லை. அப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று புளகாங்கிதம் அடைந்தேன். ஒரு சீட்டுறைக்காரனின் லீவுக்காகக் கொரியாவரை பேசுகிறாரே என்று கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

அவர் காரிலேயே திரும்பினோம். என்னை இறக்கிவிடும்போது இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அறைக்குப் போய்த் துணிமணியைப் பையில் அடுக்கினேன்.

மறுநாள் மத்தியான ஷிஃப்டுக்கு, பையும் கையுமாகச் சுங்குவார்சத்திரத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றேன். தணிகாசலம் பைக்கை ஓரங்கட்டினார்.

"மேட்டர் தெரியுமா? சாரு காலைல ஃபிளைட்டப் புட்சி கொரியாவுக்குப் பூட்டாரு. கொழந்த பொறந்து நாலு மாசமாவுதாம், இன்னும் பாக்கவே இல்லியாம். நீ டான்ஸு ஹால்ல இன்னாத்தையோ சொல்லி அழ வுட்டுட்டியாமே! அவரு வர்ற வரிக்கும் எவனுக்கும் லீவு கெடையாது."

பக்கத்து பூத்திலிருந்து சங்கரன்கோவிலுக்கு, மாமனார் வீட்டுக்கு எதிர்க் கடை யாக்கோபு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வழக்கம்போல "வரமாட்டேங்கா, மாப்ள" என்றார். வேறு யாரிடம் சொல்ல? நடந்ததையெல்லாம் அவரிடமே சொன்னேன். அண்ணாச்சி கடை அதிரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, வாசலில் நின்ற யாருக்கோ அதை அப்படியே ஒப்பித்தார்.

பிறகு போன் கைமாறியது. பின்னால் ஒரு குழந்தை கீச்சிட்டது.

"அந்த மனுசனுக்கு லீவு குடுத்தது யாராம்?" என்றாள் மாரிசெல்வி.

கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. நான் ரோட்டைக் கடந்து, சங்கரன்கோவில் வண்டி கிடைக்கிற தாம்பரத்துக்குப் போகிற பஸ்ஸுக்குக் கை காட்டினேன்.