அந்தக் காலத்துப் பூட்டு

"பூட்டு மட்டும் உறுதியா இருக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்" என்றார் கணவர், மனைவியோடு கடைக்குள் வந்ததும் வராததுமாக.

பழைய மரச்சாமான் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். மது பாட்டில் வைக்கிற அலமாரி கேட்டு வருகிறவர்கள் தேக்கா, ரோஸ்வுட்டா என்பார்கள். கண்ணாடி அந்தக் காலத்ததுதானா என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பார்கள். நேரே பூட்டுக்குப் போன ஆளை அவர் இன்றுதான் பார்க்கிறார்.

"புது அலமாரி இதைவிட மலிவா கிடைக்குமே, சார்?"

"வாங்கி வச்சுப் பாத்தாச்சு. இப்ப வர்ற பூட்டெல்லாம் ஹேர்பின்னுக்கே வாயைப் பொளந்துடுது."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். கைப்பையின் வாரைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. பாவம், பாட்டிலை எடுத்துக் கீழே கொட்டியிருப்பாள், அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டும் இருப்பாள் என்று நினைத்தார் கடைக்காரர்.

அவருடைய தங்கையும் இப்படித்தான் நிற்பாள். குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டு, வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமலே போய்ச் சேர்ந்தவள். கடையில் ஆள் இல்லாத மத்தியானங்களில், ஏதாவது ஒரு நிலைக்கண்ணாடியில் அவள் முகம் வந்துவிட்டுப் போகும்.

மூலையில் இருந்த தேக்கு அலமாரியைக் கணவர் திறந்தார். பழைய பிராந்தி வாசம் குப்பென்று அடித்தது. உள்ளே ரசம் போன கண்ணாடியில் மனைவியின் முகம் மங்கலாகத் தெரிந்தது. ஒரு கணம் அது தங்கையின் முகமாகவே இருந்தது.

கணவர் சாவியைத் திருப்பினார். 'டொக்'கென்று பித்தளை நாக்கு விழுந்தது.

"இதான் வேணும். டாக்டர் சொன்ன அளவு, ராத்திரிக்கு ஒரு தரம். அதுக்கு மேல சாவி திரும்பக் கூடாது."

எல்லாக் குடிகாரனும் டாக்டர் பேரைச் சொல்லித்தான் மூடி திறப்பான். கடைக்காரருக்கு விற்க மனசே வரவில்லை. வாயில் வந்ததை அளந்துவிட்டார்.

"சார், மறைக்கக் கூடாது. இதை வச்சிருந்தவரு இதுக்கு எதிர்ல உக்காந்தபடியே செத்தாரு. வீடு அடங்கினப்புறம் உள்ள கிளாஸ் உரசுற சத்தம் கேக்குமாம். வாங்கிட்டுப் போனவங்க திருப்பிக் கொண்டாந்துட்டாங்க."

கணவர் சிரித்தார். "பேய்கிட்ட நான் பேசிக்கிறேன். வண்டிக்குச் சொல்லிட்டு வரேன்" என்று போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மனைவி சிரிக்கவில்லை. பூட்டிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சத்தம் எனக்கும் கேக்குதுண்ணே. வீட்டுல ஒரு பாட்டில்கூட இல்லாத அன்னிக்கும் கேக்கும்."

தான் இட்டுக்கட்டிய பேய்க்கு இவள் எங்கிருந்து சாட்சி சொல்கிறாள்? அலமாரியைத் திரும்பிப் பார்க்கவே கடைக்காரருக்குப் பயமாக இருந்தது.

வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, பேயெல்லாம் நான் விட்ட கதை. வேற ஒருத்தருக்குப் பேசி முடிச்சாச்சுன்னு சொல்லிடறேன். இந்த மனுசனை நம்பி இதை வீட்டுக்குள்ள விட்டு நீ சீரழியாதம்மா."

அவள் முதன்முதலாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது.

"அவரு தொட்டதே கிடையாதுண்ணே. குடிக்கிறது நான்."